சீட்தான் சரியில்லை

"இது ஒரிஜினல் பெயிண்ட்னு சொல்றீங்களா?"

"வண்டி ஒரிஜினல் சார்."

"நான் பெயிண்டைக் கேட்டேன்."

காரின் சொந்தக்காரன் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். நாற்பது வயதிருக்கும். "முதல்ல இன்ஜினைப் பாருங்க சார்" என்றான்.

நடுவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மைதானத்தில் அவருக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். பழைய கார் போட்டியில் அசல் பிரிவு அவர் பொறுப்பு. எத்தனை வருஷத்து வண்டியானாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடியே இருக்க வேண்டும். கழுவலாம், துடைக்கலாம். மாற்றக் கூடாது, பூசக் கூடாது. ஒரே ஒரு பல்புக்காகச் சொந்த மச்சானின் காரையே வெளியே அனுப்பியவர். அன்றிலிருந்து தங்கை வீட்டில் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

இந்தக் கார் வெயிலில் பளபளவென்று நின்றது. கதவோர ரப்பரில் நீலம் வழிந்திருந்தது. பானெட்டில் பிரஷ் முடி ஒன்று பெயிண்டோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இவன் சோறே இல்லாமல் மறைக்கப் பார்க்கிறான்.

பக்கத்தில், இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு பெரியவர், துடைத்த இடத்தையே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். "நிதானமாப் பாருங்க சார், அவசரமே இல்ல" என்று உபசாரம் வேறு.

வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பானெட்டைத் திறந்த கறார், இன்ஜின் மேல் அப்படியே குனிந்துவிட்டார்.

ஒயரில் சுற்றிய துணிகூட அந்தக் காலத்தது. ஒரு போல்ட் மாறவில்லை. உள்ளே வந்தால் கடிகாரம், குமிழ், கண்ணாடி எல்லாம் பிறந்த மேனிக்கு இருந்தன. சீட்டைத் தடவிப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருஷத்து ரெக்சின், விரிசல் இல்லை. தையல் நூல்கூட மாறவில்லை.

"எதுல சுத்தம் பண்ணீங்க?"

"பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணி. பம்பருக்கு அலுமினியத் தாளை நனைச்சுத் தேய்ச்சேன். ஆள் வைக்க வசதியில்ல சார். நாலு வருஷம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே உட்கார்ந்து பண்ணினேன்."

இவ்வளவு தெரிந்தவனா மேலே பெயிண்டை அப்பி வைத்தான்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாக இருக்கிறதே. கறாருக்குக் கோபம் இரட்டிப்பானது.

"தம்பி, உள்ள எல்லாம் பிரமாதம். ஆனா இந்தப் பெயி..."

"ஒரு நிமிஷம் சார்." கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் காரின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். போகும்போதே, "மாமா, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றீங்களா?" என்று பெரியவரை அனுப்பி வைத்தான்.

கறாருக்கு இதெல்லாம் பழக்கம். பின்பக்கம் கூப்பிட்டால் அடுத்து கவர்தான் வரும். அவன் கை பைக்குள் போவதைப் பார்த்ததும், "அந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்றார்.

வெளியே வந்தது கைக்குட்டை. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வண்டியை வெளிய அனுப்பிடுங்க சார்."

"என்னது?"

"பரிசெல்லாம் வேணாம். பெயிண்ட்தான் காரணம்னு மட்டும் அவர் காதுல விழக் கூடாது."

"யாரு அவரு?"

"என் மாமனார். எங்க கல்யாணம் பிடிக்காம பத்து வருஷம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதவர். எனக்குக் காலு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கேன்னு கேள்விப்பட்டு ஓடி வந்தார். வந்த மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியல. மாப்பிள்ளை வந்து பார்த்தா சந்தோஷப்படுவார்னு, பிரஷைப் பிடிச்சு ஒரு மாசம் ஒத்தையாளா அடிச்சிருக்கார்."

கறார் காரைப் பார்த்தார். அந்தப் பிரஷ் முடியின் மேல் அவருக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பார்த்துட்டு நீங்க என்ன சொன்னீங்க?"

"சூப்பரா இருக்கு மாமான்னேன்."

"போட்டிக்கு வராம இருந்திருக்கலாமே?"

"எப்படி சார்? அவர்தான் நேத்தே சட்டையை இஸ்திரி போட்டுட்டுக் கிளம்பி நின்னார். சீட்டை மாத்திட்டேன்னு சொல்லித் தள்ளிடுங்க. சீட்டு என் பொறுப்புல இருந்தது. பழி என்னோட போகட்டும்."

"அது நாற்பத்தெட்டு வருஷத்து சீட்டுய்யா. இந்த மைதானத்துலயே அதுமாதிரி இன்னொண்ணு இல்ல."

"தெரியும் சார்."

பெரியவர் தண்ணீர் பாட்டிலோடு வேகவேகமாக வந்தார். "என்ன சார், தேறிடுச்சா?"

கறார் படிவத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இந்த மைதானத்தில் அவர் பொய் சொன்னதில்லை.

"தேறலீங்க. சீட் சரியில்ல. ஒரிஜினல் இல்ல."

"பெயிண்டு?"

"பெயிண்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

பெரியவரின் முகம் வாடியது போல் வாடி, உடனே மலர்ந்தும் விட்டது. கதவைத் திறந்து சீட்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். பிறகு மருமகனின் தோளில் கையைப் போட்டார்.

"நான் அப்பவே நினைச்சேன் மாப்பிள்ளை, என்னடா இது மங்கிப் போய்க் கிடக்கேன்னு. நீங்க மனசைத் தளர விடாதீங்க. அடுத்த வாரமே இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, நல்ல சிவப்புத் துணியில நானே புதுசு தைச்சுத் தர்றேன்."

கறார் பதறிப் போய் அவனைப் பார்த்தார்.

"சரிங்க மாமா" என்றான் அவன்.