ஆறாவது நீலம்

வைரவன் பைக் டேங்கில் வரைந்த தீயின்மேல் ஆறாவது முறையாக ஏர்பிரஷ்ஷால் நீலத்தை ஊதினான். பூச்சு அத்தனை மெல்லியது. அடியிலிருந்த ஐந்து நீலங்களும் தெரிந்தன. பைக்கின் சொந்தக்காரர் காத்தமுத்து மறுபடி உதட்டைப் பிதுக்கினார். "தீ எடுத்ததும் மேல ஏறாது தம்பி. முதல்ல படுத்துக்கிட்டுத் தேடும்."

"எந்த அடுப்புலண்ணே அப்படி எரியுது?" வைரவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுடுகாட்டு கேஸ் அடுப்பை நான்தான் பத்தவைக்கிறேன். ஓட்டை வழியா தினமும் பாக்குறேன்."

ஏர்பிரஷ் வெறும் காற்றைச் சீறிக்கொண்டிருந்தது. அம்மாவை அங்கே விட்டுவந்து பதினேழு நாள். அதன்பின் வைரவனால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் துடைத்தான். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

"ரொம்ப நேரம் தேடுமாண்ணே?"

காத்தமுத்து அந்தத் தலையைப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இப்படியே விட்டுரு."