கண்ணாடிக்காரரின் மௌனம்

“இந்த மாத்திரைய மாத்திக் குடுங்க, டாக்டர். இவர் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு.”

சொன்னவள் படக்கடை அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை அவர்களுடையது. கண்ணாடி வெட்டுவது அவர் பொறுப்பு என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கடையில் மீதி எல்லாம் அவள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் ஏடிஹெச்டி என்கிற கவனச் சிதறல் கோளாறு இருக்கலாம் என்பது போன வருடம் வரைக்கும் அந்த வீட்டுக்குத் தெரியாது. அது பெஞ்சில் நிலைகொள்ளாமல் நெளிகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தார்கள். இங்கேயோ கல்யாணப் படத்துக்குச் சட்டம் கேட்டவர் வீட்டுக்கு யாருடைய நாய்க்குட்டியோ போய்ச் சேர்ந்தது. நாய்க்குட்டிக்காரர் மணமக்களைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டார். ஒரு வேலை முடிவதற்குள் நாலு வேலை ஆரம்பமாகி, நாலும் அந்தரத்தில் நிற்கும். மாடியில் திறந்துவிட்டு மறந்த குழாயால் கீழ் வீட்டில் மழை பெய்தது. தலை கழுத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அதையும் எங்கேயாவது வைத்துவிட்டு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். கேலி பேசியே காலம் போயிருக்கும். நல்லவேளை, யாரோ சொல்லி இந்த டாக்டரிடம் வந்தார்கள்.

மாத்திரை வந்ததும் கடை தலை நிமிர்ந்தது. அவரவர் படம் அவரவர் வீட்டுக்கே போயிற்று. எடுத்த வேலை முடிந்த பிறகுதான் அடுத்த வேலை மேஜைக்கு வந்தது.

“கடை பிழைச்சிடுச்சு டாக்டர், இல்லைன்னு சொல்லல. ஆனா வீடுதான் செத்துப் போச்சு. நாங்க எப்பவும் கலகலன்னு இருக்கறவங்க. பேச்சும் சிரிப்புமா பொழுது போறதே தெரியாது. இப்ப கடையில கண்ணாடி கீறற சத்தம் மட்டும்தான் கேக்குது.”

டாக்டர் பசியைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் மனம் போகவில்லை, தூக்கம் பரவாயில்லை, படபடப்பு ஆரம்பத்தில் இருந்து பிறகு போய்விட்டது. கண்ணாடிக்காரர் பாட்டுக்கு, டாக்டரின் தலைக்கு மேலே மாட்டியிருந்த சான்றிதழின் சட்டம் ஒரு மூலையில் வாயைப் பிளந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் பேசாம இருக்கறது மாத்திரையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் டாக்டர்.

“சாயங்காலம் மாத்திரையோட வேகம் இறங்கினதும் வீடு பழையபடி ஆயிடுதே. சாப்பாட்டுக்கு உக்காந்தா ஒரே பேச்சுதான். மறுநாள் காலையில மாத்திரை உள்ள போய்க் கொஞ்ச நேரம் ஆகட்டும், இவர் சிலைதான்.”

வக்கீல் வைத்து வாதாடினாலும் இதை உடைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். இப்போது கொடுத்திருப்பது ஊக்கி வகை. சாப்பிட்ட அன்றே வேலை செய்யும், மாலையில் வடிந்துவிடும். ஊக்கி அல்லாத வகையும் இருக்கிறது. அது உடம்பில் மெல்ல ஏறும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அதற்கும் அதற்கே உரிய தொந்தரவுகள் உண்டு. இது உசத்தி, அது மட்டம் என்று எதுவும் இல்லை, யாருக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. மாற்றுவதற்கு முன்னால் இதிலேயே அளவைக் குறைத்துப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் தன்னிஷ்டத்துக்கு எதையும் நிறுத்தக் கூடாது.

“அந்த மெதுவான மாத்திரையே குடுங்க டாக்டர். நடுவுல கடை கொஞ்ச நாள் தாறுமாறா ஆனாலும் ஆகட்டும்” என்றாள். “இத்தனை வருஷம் என் பக்கத்துலயே இருந்த மனுஷன் எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கு. எங்கிட்டப் பிடிச்சதெல்லாம் இவருக்குப் பிடிக்காமப் போச்சோன்னு பயமா இருக்கு.”

பயம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. ஊரைவிட்டுப் போனவரைத் தேடலாம். கண்ணெதிரே உட்கார்ந்துகொண்டே காணாமல் போனவரை எங்கே போய்த் தேடுவது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார். எப்போதிலிருந்து இப்படி என்றும் கேட்டார்.

கண்ணாடிக்காரர் சான்றிதழிலிருந்து பார்வையை இறக்கினார். மனைவி அழுவதைப் பார்த்ததும் அவர் கை தானாக அவள் கையைப் பிடித்துக்கொண்டது. வார்த்தை வர நேரமாயிற்று. அவள் குறுக்கே பேசாமல் காத்திருந்தாள்.

“கல்யாணமானதுலேர்ந்தே நான் இப்படித்தாங்க. நான் பேசறதே இல்லைன்னு, இவ மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகுதான் இவளுக்கே தெரிஞ்சிருக்கு. மாத்திடாதீங்க டாக்டர், என்ன பேசலாம்னு இப்பத்தான் நான் யோசிக்க ஆரம்பிச்சிருக்கேன்.”