ஒரு பிடி முடி

“தலையை விரிச்சே விடும்மா, எண்ணெய் வைக்காதே. பூசாரிக்கு ஒரு பிடி முடி வேணும்,” என்றாள் சாவித்திரி. வேப்பிலைக் கொத்தை மஞ்சப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஆத்தங்கரை முனீஸ்வரன் கோயில் வழக்கம் அது. பேய் பிடித்தவளின் முடியில் ஒரு கொத்தை மரத்தில் வைத்து ஆணி அடித்து, அங்கேயே அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுகொள்ளும், ஆள் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மணிக்கு ஆட்டோ வேறு சொல்லியாகிவிட்டது.

பூர்ணிமா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம்தான். புருஷன் செந்தில்குமார் மஸ்கட்டில், மாமனார் நாற்றுப் பறிக்கிற ஆட்களோடு வயலில். குடவாசல் பக்கத்தில் ஒரு வாய் சொன்னால் போதும், பத்து ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரிதான். அப்புறம் காலத்துக்கும் அவள் பேய் பிடித்த மருமகள்தான்.

“அத்தை, எனக்குப் பேயெல்லாம் இல்லைங்க.”

“எந்தப் பேய்தான் நான் பேய்னு ஒத்துக்கிட்டிருக்கு? மத்தியானமானா மாடி ரூம்ல முடியை அவுத்து விட்டுட்டு சுத்து சுத்துன்னு சுத்துறே. ஆம்பளைக் குரல்ல உறுமுறே. ஜன்னல் வழியா இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். பார்த்ததுல பாதியைத்தான் உன் மாமாகிட்டயே சொல்லியிருக்கேன். முழுசா சொன்னா மனுஷன் படுத்துடுவாரு.”

பூர்ணிமாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு? போனை எடுத்துப் பாட்டைப் போட்டு, ஒரு பக்க இயர்போனை மாமியார் காதில் செருகினாள்.

சாவித்திரி தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். “அய்யய்யோ! யாருடி இவன், தொண்டையில மீன்முள்ளு சிக்கினவன் மாதிரி கத்துறான்?”

“பாடுறாருங்க அத்தை. இதுக்கு மெட்டல்னு பேரு. நார்வேக்காரங்க. கூடவே நானும் உறுமுவேன், அதைத்தான் நீங்க கேட்டிருக்கீங்க.”

“பாட்டா? இதுவா?”

“கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. இப்ப ட்ரம்ஸ் வரும் பாருங்க. திருவிழால தப்படிக்கிறப்ப நெஞ்சு அதிரும்ல, அப்படி இருக்கும். இது எனக்கு உசுருங்க.”

அடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். பெங்களூரில் ஒரு மைதானம், கொட்டுகிற மழை, ஐயாயிரம் பேர் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சாவித்திரி வாயைப் பிளந்தாள். “இத்தனை பேருக்குமா பேய் பிடிச்சிருக்கு?”

“இப்படித்தாங்க ஆடுவாங்க. காலேஜ் படிக்கிறப்ப வருஷா வருஷம் போவேன். இந்த கான்சர்ட்ல முழங்கால் வரைக்கும் சேறு, நடவு வயல்ல நிக்கிற மாதிரி நின்னோம். பாதியில கரண்டு போயிடுச்சு. பாடுறவரு மைக் இல்லாமயே பாடினாரு, மீதியை நாங்க அத்தனை பேரும் சேர்ந்து பாடி முடிச்சோம். சேத்துல ஒரு செருப்பு போச்சு. ஒத்தைச் செருப்போட தஞ்சாவூர் வந்து இறங்கினேன்.”

“யார்கூடப் போனே?”

“ஃப்ரெண்ட்ஸுங்க. எல்லாம் பொண்ணுங்கதான்.”

பொய். அப்சர் பேரை மட்டும் அவள் எடுக்கவில்லை. அவனைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது, புருஷனுக்கும்தான்.

முன்வரிசையில் கூட்டம் நெருக்கித் தள்ளும்போது அவள்மேல் ஒரு விரல் படவிடமாட்டான் அப்சர். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தள்ளுகிறவர்களை எல்லாம் தாங்கிக்கொள்வான். போன வருஷம் அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் பெங்களூரில் ஒரு கான்சர்ட். சேர்ந்து போவதாக ஆறு மாதமாகப் பேசி வைத்திருந்தார்கள். “என்னால இனிமே வர முடியாது, நீ மட்டும் போயிட்டு வாடா” என்று அனுப்பியவள் இவள்தான். பைக்கில் போனவன் கிருஷ்ணகிரியைத் தாண்டவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு மிச்சம் மத்தியானத்தில் இந்த ஒரு மணி நேரம்தான். கண்ணை மூடி ஆடுகிறபோது மட்டும் அவன் செத்துப்போனது மறந்துபோகும். இதையும் மரத்தில் அறைந்துவிட்டு வரச்சொன்னால் அவள் எப்படி இருப்பாள்?

“உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன் அத்தை. கோயிலுக்கு வேணாங்க. இது பாட்டுங்க, வெறும் பாட்டு.”

சாவித்திரி வீடியோவை மறுபடியும் போடச் சொன்னாள். இந்தத் தடவை அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கிறுக்குப் பயலுவ! இவனுவளைப் பெத்தவளுக எப்படித்தான் சமாளிக்கிறாளுகளோ!” என்றாள்.

வேப்பிலை கொல்லைப்புறத்து ஆட்டுக்குப் போயிற்று. வாசலில் ஹார்ன் அடித்த ஆட்டோக்காரரை “பேயும் இல்ல பிசாசும் இல்ல, போயிட்டு வாப்பா” என்று சாவித்திரியே திருப்பி அனுப்பினாள். பூர்ணிமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

சாவித்திரி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எல்லாம் சரிம்மா. நீ கண்ணை மூடிட்டு ஆடுறப்ப, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு உன் பின்னாடியே நிக்கிறானே ஒரு தாடிக்காரப் பையன்... அவன் யாரு?”