வால் முளைத்த வீடு

எதிர்த்தரப்பு வக்கீல் அன்று வெறுங்கையோடு வந்தார்.

அதை முதலில் கவனித்தது அவள்தான்.

வழக்கமாக ஒரு தடித்த கோப்பை, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். அவள் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் அதில் இருக்கும். ஓரமெல்லாம் மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கும்.

வணிகப் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் விசாரணை அறை அது. நீள மேஜையின் கோடியில் அதிகாரி. இந்தப் பக்கம் அவளும் அவளுடைய வக்கீலம்மாவும். எதிரே பொம்மைக் கம்பெனியின் ஆட்கள்.

சண்டை ஒரு பெயருக்காக.

இரண்டு பையன்களை வளர்த்த கூத்தையெல்லாம் ‘வால் முளைத்த வீடு’ என்ற தலைப்பில் அவள் வாரப் பத்திரிகையில் வருஷக்கணக்காக எழுதினாள். பையன்கள் வளர்ந்து பறந்துபோன பிறகும் அந்தப் பெயரில் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. பொம்மைக் கம்பெனி தன் புதுக் கடைகளுக்கு அதே பெயரைப் பதிவு செய்யப் போனது. அவள் எதிர்ப்பு மனு போட்டாள்.

யானையோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று தெரிந்தவர்கள் எல்லாம் பேசினார்கள்.

கம்பெனி ஒன்றுக்கு இரண்டு தரம் சமாதானத்துக்கு வந்தது. பெயரை இரண்டு பேருமே வைத்துக்கொள்ளலாம், அவள் புத்தகங்களைக் கடை வாசலிலேயே அடுக்கி வைக்கிறோம் என்றது. வக்கீலம்மாவுக்கே அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அவள் மசியவில்லை.

“உங்க வைராக்கியம் யாருக்கும் வராதும்மா” என்றாள் வக்கீலம்மா.

கம்பெனியின் வாதம் இதுதான்: அது பெயரே இல்லை, சேட்டைக்காரப் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டையும் யாரும் சொல்லக்கூடிய சாதாரணப் பேச்சு. அதை நிரூபிக்க எதிர்த்தரப்பு வக்கீல் அவள் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தார். ஒவ்வொரு விசாரணையிலும் ஒரு கட்டுரையை எடுத்து, சத்தமாக வாசித்து, கேள்வி கேட்டார்.

அப்படித்தான் ஒருநாள் தம்பியை விற்ற கதை வந்தது.

பெரியவன் அட்டையில் ‘தம்பி விர்பனைக்கு’ என்று எழுதி, சின்னவன் கழுத்தில் மாட்டி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான். எதிர்வீட்டுக்காரர் நின்று பேரம் பேசினார். சின்னவன் ஓவென்று அழுதபடி உள்ளே ஓடிவந்தான். தன்னை விற்றதற்காக இல்லை. அவர் விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டார் என்பதற்காக.

வாசித்து முடிப்பதற்குள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கே சிரிப்பு முட்டிவிட்டது. அதிகாரி தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

“அப்போ பெரியவனுக்கு என்ன வயசும்மா?” என்று வக்கீல் கேட்டார். வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி.

அவள் வயதோடு நிறுத்தவில்லை. அந்த அட்டை யாருடைய செருப்புப் பெட்டியிலிருந்து கிழிக்கப்பட்டது என்பதுவரை சொன்னாள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

அன்று வீடு திரும்பியபோது தொண்டை லேசாகக் கரகரத்தது. அவ்வளவு நேரம் பேசி நாளாகிவிட்டது.

அந்தச் சம்பவத்துக்குச் சாட்சி சொல்லச் சொல்லிப் பெரியவனுக்கு முன்னாடியே போன் செய்திருந்தாள். “அப்படியெல்லாம் நடந்துச்சா? நீயா கதை விடாதம்மா” என்று சிரித்தான். மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றான். சின்னவனுக்கும் நினைவில்லை. நினைவு வைத்திருக்கக்கூடிய இன்னொருவர் கூடத்துச் சுவரில் படமாகத் தொங்கினார்.

இடைவேளையில் ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். அவர் மகள் சாப்பாட்டை விழுங்காமல் வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறாளாம்.

“கண்ணாடி முன்னாடி உட்கார வைங்க. தன் உப்புன கன்னத்தைப் பார்த்துத் தானே சிரிச்சிடுவா.”

அடுத்த விசாரணையில், அறைக்குள் வந்ததும் வராததுமாக, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எதிராளியிடமே வைத்தியம் கேட்ட வக்கீலை அந்த அலுவலகம் அதுவரை பார்த்திருக்காது.

முடி வெட்டிய கதையைத்தான் இன்று அவர் வாசிப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடப் போட்டோவுக்கு முதல் நாள் பெரியவன் சின்னவனுக்குத் தலைமுடி வெட்டிவிட்ட கதை. கேட்டால் காட்டலாம் என்று அந்தப் போட்டோவைக்கூடக் கைப்பையில் எடுத்து வைத்திருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“ஐயா, எங்க கம்பெனி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறாங்க. கடைகளுக்கு வேற பேரு முடிவாயிடுச்சு.”

அவ்வளவுதான். அதிகாரி இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெயருக்கு இனி போட்டியில்லை என்று சொல்லி அவளைப் பார்த்துச் சிரித்தார். வக்கீலம்மா மேஜைக்கு அடியில் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். நாற்காலிகள் நகர்ந்தன.

வராந்தாவில் வக்கீலம்மா வெற்றிச் செய்தியை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் லிஃப்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

அவள் ஏறக்குறைய ஓடிப்போய் அவரைப் பிடித்தாள்.

“சார்... மேல்முறையீடு எதுவும் பண்ண மாட்டீங்களா?”

மூடப்போன கதவை அவர் கையால் தடுத்தார். அவள் குரல் நடுங்கியதை அவர் கவனிக்காமல் இல்லை. தன் அம்மாவிடம் பேசுவதுபோல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

“பயப்படாதீங்கம்மா. ஒண்ணும் பண்ண மாட்டோம். இனிமே யாரும் உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”