புதிதாக வந்தவர்கள்

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியபோது நோலீனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாருங்க அத்தை, கோடு எப்படி ஏறுதுன்னு! ஒரே வருஷத்துல எத்தனை பேர் புதுசா இங்க வைத்தியத்துக்கு வந்திருக்காங்க!"

அத்தை டாஃப்னிதான் அந்தப் பாலைவன ஊர்ச் சுகாதார நிலையத்தின் நர்ஸ். கோட்டைப் பார்த்தாள்.

ஜனங்கள் வருகிறார்கள் என்று நிரூபித்தால் இங்கேயே டயாலிசிஸ் மெஷின் வைக்கலாம். பெரியம்மா பிழைத்துக்கொள்வாள். தூரத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரியம்மா. நோலீன் என்ற தன் பெயரையே இவளுக்கு வைத்து வளர்த்தவள்.

நோலீன் அவளைத்தான் முதலில் பார்க்க இருந்தாள். வழியில் கண்டவர்களெல்லாம், "மொதல்ல அத்தையப் போய்ப் பாரு" என்று இங்கே திருப்பிவிட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் நொண்டியபடி வந்தான். சுட்ட கங்காரு வாலுக்குச் சின்ன வயதில் இவளோடு அடித்துக்கொண்ட அண்ணன்.

"வார்விக் அண்ணே!"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அடியே, அந்தப் பேரைச் சொல்லாதே! இவன் இப்போ டெரிக்" என்றாள் அத்தை.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். படிப்பு, வேலை என்று டவுனிலேயே கிடந்தால் இதுகூடவா மறக்கும்? இறந்தவர் பெயரை ஊர் உச்சரிக்காது. அதே பெயர் கொண்டவர்கள் வேறு பெயருக்கு மாறிக்கொள்வார்கள். அப்படியென்றால் இன்னொரு வார்விக், கடைக்கார மாமா, போய்விட்டார்.

கண் திரையில் இருந்த புதியவர் பட்டியலுக்குப் போனது. டெரிக், புதியவர்.

மைராவும் புதியவர். காலையில் வாசலில் கையசைத்தவளை யாரோ மைரா என்று கூப்பிட்டார்கள்; போன வருஷம் வரை அவள் ரோண்டா.

பாழாய்ப்போன கணினிக்கு என்ன தெரியும்? பதிவேட்டில் புதுப் பெயரைக் கண்டால் புது ஆள் என்று கூட்டிவிடும். யாரும் புதிதாக வரவில்லை. ஊரில் விழுந்த சாவுகளைக் கோடாகப் போட்டு, அதைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மெஷின் வராது அத்தை... பெரியம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அத்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நோலீனுக்கு உறைத்தது. வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து தங்கச்சி, மகளே, கண்ணு என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள்.

பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.