பச்சைப் பையின் வார்

ஆஸ்திரேலியாவின் செடுனா ஊரில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி மரவேலை பார்க்கும் தகரக் கொட்டகையில் நாலு மணி வெயில் சாய்வாக விழுகிறது. ரம்பங்களுக்கு நடுவே லிண்ட்சே மட்டும் நூலோடு உட்கார்ந்திருக்கிறார். மடியில், நூல் பின்னுவதற்காக அவரே செய்த மர வளையம். அதன் விளிம்பைச் சுற்றி நாற்பது முளைகள். அதில் பின்னி முடித்த பச்சைப் பை பக்கத்தில் கிடக்கிறது. இப்போது இரண்டே முளைகளில் அதற்கு வார் பின்னுகிறார். நூலைச் சுற்றுகிறார், கீழே இருக்கும் கண்ணியைக் கொக்கியால் தூக்கி முளையைத் தாண்டவிடுகிறார். வார் நீண்டு தரையில் சுருண்டு கிடக்கிறது. வெளியே கோதுமைக் கிடங்கின் மேல் கலா எனும் இளஞ்சிவப்புக் கிளிகளின் ஒரே கூச்சல்.

“டேய், இது பைக்கு வாரா, படகு கட்டுற கயிறா?” தேநீரோடு வந்து நிற்கிறார் நண்பர் டிரெவர்.

“பிரைடிக்குடா. தோள்ல மாட்டுனா பை சரியா இடுப்புல உக்காரணும்.”

பிரைடி, ஒன்பது வயதில் அம்மாவோடு தொலைதூரப் பெர்த்துக்குப் போய்விட்ட லிண்ட்சேயின் மகள். இப்போது பதினாலு.

“எவ்ளோ உசரம் இருப்பா?”

லிண்ட்சே கொக்கியை வைத்துவிட்டு எழுந்து, கையை நெஞ்சுக்கு நேரே காற்றில் நிறுத்துகிறார். யோசித்துத் தோளுக்கு உயர்த்துகிறார்.

“போன்ல கேக்க வேண்டியதுதானே?”

“அப்பாவுக்கு இதுகூடத் தெரியலையான்னு நெனப்பாடா.”

டிரெவர் தேநீரைக் கீழே வைக்கிறார். “அவ அம்மா நெட்டை,” என்கிறார் மெதுவாக.

மகளின் தலையை வருடுவதுபோல லிண்ட்சேயின் விரல்கள் காற்றில் லேசாக அசைகின்றன. பிறகு அந்தக் கை இன்னும் ஒரு விரற்கடை உயர்கிறது.