முப்பது எண்ணும் வரை

அவள் துப்பாக்கி விசையை அழுத்தினாள்.

டிக்.

அவ்வளவுதான். குண்டு போகவில்லை. தோளில் இடி இல்லை, குழாயில் புகை இல்லை.

பின்னால் நின்ற ஏட்டு தவசிமுத்து மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

பயப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் பழைய தோட்டா இப்படிப் பண்ணுவது உண்டு. பயிற்சிக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வெடிக்காவிட்டால் செத்துப்போச்சு என்று நினைக்காதே. உள்ளே வெடிமருந்து கனன்றுகொண்டிருக்கலாம். படுத்தபடியே கிட. குழாய் குறிப்பலகைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டையே பார்க்கட்டும். முப்பது எண்ணு. அப்புறம்தான் தோட்டாவை வெளியே எடுக்கணும்.

பதினேழாம் நம்பர் சரியாகத்தான் கிடந்தாள். விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை.

ஐந்து.

அப்போதுதான் எஸ்.பி. வந்தார்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஜீப்பை மலைத் திருப்பத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். நாம் இல்லாதபோது இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. நேராக அவள் காலடியில் போய் நின்றார்.

"ஏம்மா, என்னாச்சு?"

அவள் முழங்கால் மடங்கியது.

தவசிமுத்து அதைப் பார்த்துவிட்டார். மற்றவர் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு பெண் காலை மடக்குகிறாள். அவருக்குத் தெரியும். எழுந்திருக்கப் போகிறாள். எழுந்து, திரும்பி, விறைத்து நிற்கப் போகிறாள். கையில் ரைபிளோடு. ரைபிளைத் தரையில் விட்டு எழக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கடந்து போனார். அவள் எழவில்லை. பார்க்கவே இல்லை ஐயா என்று அழுதாள். தவசிமுத்து விடுவாரா? ரைபிளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று. ஒன்பதாவதில் வாந்தி எடுத்தாள். மீதி மூன்றையும் ஓடவைத்தார்.

அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார் மனிதர்.

இப்போது படட்டும் பெருமை.

ஏழு.

கத்தலாம். அவர் கத்தினால் மரத்துக் காக்கை பறக்கும். ஆனால் அந்தக் குரலில் என்ன சொன்னாலும் முதலில் துள்ளி எழுவாள், அப்புறம்தான் என்ன சொன்னார் என்று யோசிப்பாள். ஐயாவைத் தள்ளி நிற்கச் சொல்லலாம். அதைச் சொல்ல அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. சொன்னாலும், ஏன் என்று அவர் கேட்டு, இவர் விளக்கி முடிப்பதற்குள் அவள் எழுந்திருப்பாள்.

பதினொரு வருஷத்துக்கு முன் வேறொரு சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒருவன், வெடிக்கவில்லை ஐயா என்று காட்டத் திரும்பினான். திரும்பியதும் வெடித்தது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தவசிமுத்து ஓடினார். பாதி வழியில், இனிமேல் ஓட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள்.

குழாய் மண்மேட்டை விட்டு நகர ஆரம்பித்தது.

இடது பக்கமாக. அங்கே அடுத்தவள் படுத்திருந்தாள்.

தவசிமுத்து தொப்பென்று விழுந்தார். ஐம்பத்தாறு வயசு உடம்பு. முழங்கை சரளையில் உரசித் தோல் போனது. ஒரு கையால் குழாயின் நடுவைப் பிடித்து மண்மேட்டுப் பக்கமே திருப்பி அழுத்தினார். மறு கையை அவள் முதுகில் வைத்தார்.

முதுகு எழும்பப் பார்த்தது.

மெதுவாகப் பேச வேண்டும். அப்படி ஒரு குரலுக்கு அவர் எங்கே போவார்? வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை.

"பிரம்மசக்தி," என்றார். ஏழு மாதத்தில் அவள் பெயரை அன்றுதான் சொன்னார். "படுத்துக்கோ தாயி. ஐயா போயிட்டாவ."

நம்பிவிட்டாள். உடம்பு தளர்ந்தது. நெஞ்சு மறுபடி தரையில் பட்டது. பாவம், அவர் பொய் சொல்லுவார் என்று அவள் எப்படி நினைப்பாள்.

பதினெட்டு. பத்தொன்பது.

பூட்ஸ் அங்கேயேதான் நின்றது. ஒரு முழம் தள்ளி. வரிசையில் படுத்திருந்த பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை.

"நான் போயிட்டேனா, ஏட்டு?"

சத்தம் போடாமல்தான் கேட்டார் எஸ்.பி. அவர் சத்தம் போட்டால் அன்றோடு போகும். இப்படிக் கேட்டால் மறுநாளே ஒருவன் மாவட்டத்தின் மறு கோடிக்கு மாற்றலாகிக் கிடப்பான்.

தவசிமுத்துவின் கைக்கடியில் அந்த முதுகு இறுகியது. முழங்கால் மறுபடி மடங்கியது.

அவர் எழவில்லை. திரும்பவும் இல்லை. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் ஓர் அதிகாரிக்குப் படுத்துக்கொண்டே பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்கய்யா," என்றார், அவளிடம் பேசிய அதே குரலில். "நீங்க போயிட்டீங்க."

பூட்ஸ் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இருபத்து மூன்று.

அடுத்ததை அவர் எண்ணவில்லை. அவள்தான் எண்ணினாள். மடங்கிய காலை நீட்டிக்கொண்டு, மண்மேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இருபத்தி நாலு."